வரியும் ஓட்டமும்

ஜனவரி 9

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நான் சௌக்கியம். எதிராளியின் சௌக்கியத்தை விசாரித்துவிட்டுத்தான் மேலே எழுத வேண்டும் என்று சின்ன வயதில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். விசாரித்தாயிற்று.

போனை எடுக்க மாட்டேன், திட்டுவதானால் எழுதித் திட்டுங்கள் என்று சொன்னீர்களாமே. சரி, எழுதுகிறேன். உங்களோடு பேசும் ஆசையில் இல்லை. என் தங்கை நாலு வருஷம் முட்டி தேய உழைத்த காரியம் உங்களால் முழுசாகப் பாழாகிவிடக் கூடாது என்றுதான்.

பம்ப் ஹவுஸுக்குப் பின்னால் கிடந்த அந்தக் கற்குவியல் உங்களுக்குக் குப்பை. எங்கள் இருவருக்கும் அது ஆராய்ச்சி நிலம். சின்னவள் வெளியூர் போயிருந்த நேரம் பார்த்து அதில் பாதியை லாரி வைத்து அள்ளிவிட்டு, திரும்பி வந்தவளிடம், "கல்லுதானே, இதுக்கு எதுக்கு இந்தக் கூத்து?" என்று கேட்டீர்களாம். அன்றைக்கே ஒரு பையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்துவிட்டாள். இங்கேதான் இருக்கிறாள். நன்றாக இருக்கிறாள்.

மீதிப் பாதியாவது மிஞ்ச வேண்டும். அங்கே இருக்கும் அரணைகளில் இரண்டு விதம்: முதுகில் நீள வரி உள்ளவை, புள்ளி உள்ளவை. துரத்தினால் சில நேர்கோட்டில் ஓடும். சில கொஞ்சம் ஓடிவிட்டுச் சட்டென்று அசையாமல் நின்றுவிடும். போன வருஷம் சின்னவள் குட்டிகளைப் பிடித்து, வால்நுனியைத் துளி வெட்டி எடுத்துக்கொண்டு விட்டிருக்கிறாள். அவற்றில் எந்த விதம் பிழைத்தது என்று, வாலில் அந்த வெட்டுத் தழும்பு இருப்பவற்றை வைத்து இப்போது பார்த்தாக வேண்டும். பிடியுங்கள். வரியா புள்ளியா, ஓடியதா நின்றதா என்று எழுதுங்கள். வால்நுனியை மறுபடி துளி வெட்டி, ஸ்பிரிட்டில் போட்டு அனுப்புங்கள். கொஞ்ச நாளில் அது மறுபடி வளர்ந்துகொள்ளும், பயப்பட வேண்டாம்.

நான் ஆய்வகத்தை விட்டு நகர முடியாது. அவள் அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்கிறாள். வேறு ஆள் இருந்தால் உங்களிடம் கேட்டிருக்க மாட்டேன் என்பது உங்களுக்கே தெரியும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவியின் அக்கா

பிப்ரவரி 2

அக்காவுக்கு,

வணக்கம். இங்கே மூன்று மோட்டாரும் சௌக்கியம். நானும் அவற்றோடு சேர்ந்து ஓடிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை வாசலில் நின்றபடியே படித்தேன். உட்கார்ந்து படிக்கிற மாதிரி அதில் ஒன்றும் இல்லை. "வேறு ஆள் இருந்தால் உங்களிடம் கேட்டிருக்க மாட்டேன்" என்று எழுதிவிட்டு வேலையும் கேட்கிற தைரியம் உங்களுக்கு மட்டும்தான் வரும்.

கல்லை அள்ளச் சொன்னது மேலிடம். புதுக் குழாய் அந்த வழியாகத்தான் போக வேண்டும். அவளிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டியவன் நான், சொல்லவில்லை. அதற்கு அவளிடம் எத்தனை பேச்சு வேண்டுமானாலும் வாங்கிக்கொள்வேன். உங்களிடம் வாங்க மாட்டேன்.

பூசி மெழுகாமல் எழுதுகிறேன். எனக்கு என் பெண்டாட்டி வேண்டும். அவள் போனை அணைத்து வைத்திருக்கிறாள். ஆப்பரேட்டர்கள் எல்லாம், "அரணையம்மா எப்ப சார் வருவாங்க?" என்று கேட்கிறார்கள். என்ன பதில் சொல்ல?

உங்களுக்கு அரணை வேண்டும், எனக்கு அவளிடமிருந்து ஒரு வரி வேண்டும். அவள் கையெழுத்தில் ஒரே ஒரு வரி. "நாசமாய்ப் போ" என்று எழுதினாலும் போதும், அது அவள் எழுதியதாக இருந்தால் சரி. அதை அனுப்புங்கள், நான் கல்லுக்குள் தலையை விடுகிறேன்.

அவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? கோபத்தில் பட்டினி கிடக்கிற பழக்கம் உண்டு.

இப்படிக்கு,
பம்ப் ஹவுஸ்காரன்

பிப்ரவரி 20

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நலம்.

கேட்டேன். ஒரு எழுத்துகூட எழுத மாட்டேன் என்றுவிட்டாள். வற்புறுத்த நான் யார்?

சாப்பிடுகிறாள். தூங்குகிறாள். முகம் தெளிந்திருக்கிறது. உங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறாள்.

பேரம் பேசுவதை விட்டுவிட்டு அரணையைப் பிடியுங்கள். இந்த வருஷம் முடிவைக் காட்டாவிட்டால் என் ஆய்வகத்துக்குப் பூட்டுப் போட்டுவிடுவார்கள். அவளுடைய நாலு வருஷமும் அதோடு போகும். அவளுக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று உண்மையிலேயே நினைத்தால், செய்யக் கூடிய காரியம் இது ஒன்றுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

அக்கா

ஏப்ரல் 11

அக்காவுக்கு,

நலமே. முழங்கையில் தோல் இல்லை, அவ்வளவுதான்.

ஒரு எழுத்துகூட எழுத மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். ஆனாலும் செய்து முடித்தேன். உங்களுக்காக என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

ஐயோ, அந்தப் பிராணிகளைப் பிடிப்பது இருக்கிறதே! கையில் கிடைப்பது வால் மட்டும்தான், உடம்பு அடுத்த கல்லுக்கடியில் இருக்கும். இரவு ஷிப்ட் ஆப்பரேட்டர் கொசுவலையை எடுத்து வந்து வீசினார். அவர் மாட்டிக்கொண்டார், அரணை மாட்டவில்லை. "சார், இதுக்கு அம்மாவையே கூப்ட்டுக்கிட்டு வந்துருங்க, காலை வேணாலும் புடிச்சிக்கலாம்" என்றார். அதற்குத்தான் வழி தேடுகிறேன் என்று சொல்லவில்லை.

எங்கள் தொழில் முறைப்படியே ஒழுங்காகச் செய்திருக்கிறேன். பம்ப் ஹவுஸில் அழுத்தத்துக்கு ஒரு பதிவு, நீரின் அளவுக்கு ஒரு பதிவு, ஷிப்ட் முடிவில் தனித்தனியே கூட்டிப் போடுவோம். ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. அதே மாதிரி வெட்டுத் தழும்பு உள்ளவற்றையெல்லாம் பிடித்துத் தொட்டியில் போட்டு வரியையும் புள்ளியையும் எண்ணினேன். அப்புறம் ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டு ஓடியதையும் நின்றதையும் எண்ணினேன். வரி ஏறக்குறைய பாதி, புள்ளி பாதி. ஓடியவை பாதி, நின்றவை பாதி. கூட்டல் சரியாக இருக்கிறது, இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.

நீங்கள் அனுப்பிய குட்டிக் குப்பிகள் உடைந்துவிடும் போலிருந்தது. அதனால் வால் எல்லாவற்றையும் ஒரே பெரிய பாட்டிலில், நிறைய ஸ்பிரிட் ஊற்றி, பத்திரமாக அனுப்பியிருக்கிறேன்.

இனியாவது அவளிடம் சொல்லுங்கள். நான் கேட்டேன் என்று மட்டும் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
பம்ப் ஹவுஸ்காரன்

ஏப்ரல் 24

மாப்பிள்ளை அவர்களுக்கு,

சௌக்கியம் விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை.

பார்சலைப் பிரித்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். வரியைத் தனியே கூட்டி, ஓட்டத்தைத் தனியே கூட்டி, வாலையெல்லாம் ஒரே பாட்டிலில் போட்டுக் குலுக்கி அனுப்பியிருக்கிறீர்கள். இதற்குப் பெயர் ஆராய்ச்சி இல்லை, ஊறுகாய்.

நிதானமாகச் சொல்கிறேன். ஒரு தடவையில் புரியாவிட்டால் இன்னொரு தடவை படியுங்கள். வரி நல்லதா புள்ளி நல்லதா என்று காக்கை பார்ப்பதில்லை. நேரே ஓடும் அரணைக்கு வரி இருந்தால் அது நகர்வதே கண்ணுக்குப் பிடிபடாது. வரி அதே இடத்தில் கிடப்பதுபோல இருக்கும், காக்கை கொத்தும்போது அரணை அங்கே இருக்காது. ஓடி நிற்கிற அரணைக்குப் புள்ளி இருந்தால் கல்லோடு கல்லாகக் கரைந்துவிடும். இப்போது மாற்றி வைத்துப் பாருங்கள். புள்ளியோடு நேரே ஓடுவது ஓடுகிற வழியெல்லாம் கண்ணில் படும். வரியோடு நிற்பது கல்மேல் கோடு கிழித்ததுபோலக் கிடக்கும். இரண்டும் காக்கை வயிற்றுக்குத்தான்.

முதுகுக்கு ஒரு மரபணு, ஓட்டத்துக்கு ஒரு மரபணு. இரண்டும் வேறு வேறு குரோமோசோமில் இருக்கின்றன, ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது. ஒவ்வொரு தலைமுறையிலும் சீட்டுக்கட்டைக் குலுக்குவதுபோலக் குலுங்கி, சேராத ஜோடிகளும் பிறந்துகொண்டே இருக்கும். காக்கை அவற்றைப் பொறுக்கித் தின்னத் தின்ன, மிஞ்சுகிற அரணைகளில் இந்த இரண்டு மரபணுவும் சொல்லிவைத்தாற்போல் சேர்ந்தே வரும். யாரும் அவற்றைக் கட்டிப்போடவில்லை. சேராதது செத்துப்போயிற்று, அவ்வளவுதான். இதுவே பல்லாயிரம் தலைமுறை நடந்தால், சேர்ந்து வர வேண்டிய மரபணுக்கள் பிரியாமல் இருக்கும்படி மரபணுத் தொகுதியின் அமைப்பே மாறிவிடலாம். அதன் தொடக்கத்தைத்தான் நானும் அவளும் அந்தக் கல்லுக்குள் தேடுகிறோம்.

தனித்தனியாகக் கூட்டினால் என்ன தெரியும்? போன வருஷமும் வரி பாதி, இந்த வருஷமும் வரி பாதி. ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். செத்ததெல்லாம் உங்கள் கூட்டலுக்குள் காணாமல் போய்விட்டது.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவள் மனதில் இருப்பதை அப்படியே கொட்டுகிறவள். நீங்கள் குறட்டால் இழுத்தாலும் வாய் திறக்காதவர். தனித்தனியாக எடுத்தால் இரண்டுமே நல்ல குணம்தான், நான் குறை சொல்ல மாட்டேன். சேர்த்து வைத்தால் பிழைக்காது. கல்யாணத்தின்போதே சொன்னேன், யாரும் கேட்கவில்லை.

மழை பிடிப்பதற்குள் மறுபடி பிடியுங்கள். ஒரு அரணைக்கு ஒரு வரிசை, ஒரு குப்பி, ஒரே எண். அவள் பக்கத்து அறையில் தூங்குகிறாள். இந்தக் கூத்தை அவளிடம் சொல்லவில்லை, சொன்னால் வயிறெரிவாள்.

அக்கா

மே 15

பம்ப் ஹவுஸ் சூப்பர்வைசர் ஐயா அவர்களுக்கு,

நலமா என்று கேட்கவில்லை. உயிரோடு இருக்கிறீர்கள் என்று தெரியும்.

முதலில் ஒன்று: இது சமாதானக் கடிதம் இல்லை. கல்லை அள்ளினீர்களே, அதற்கு உங்கள்மேல் எனக்கு இருக்கிற ஆத்திரம் அப்படியே இருக்கிறது, ஒரு குன்றிமணிகூடக் குறையவில்லை.

நான் அக்கா வீட்டில் இல்லை. வேறு ஊரில் ஒரு கல்லூரி விடுதியில் வார்டன் லீவில் போயிருக்கிறார், அவர் இடத்தில் தற்காலிகமாக இருக்கிறேன். உங்களோடு எனக்கு எந்தப் பேச்சும் இல்லை என்று அக்கா நினைத்துக்கொண்டிருக்கிறாள். அப்படியே நினைக்கட்டும்.

நடந்தது இதுதான். போன மாசக் கடைசியில் அவளுக்குச் சாப்பாடு கொடுக்க ஆய்வகத்துக்குப் போனேன். அவள் இல்லை. மேஜைமேல் ஒரு பெரிய பாட்டில், உள்ளே வால்கள். ஒட்டியிருந்த சீட்டில் உங்கள் கையெழுத்து. பாட்டிலுக்கடியில் உங்கள் கடிதங்கள். நின்றபடியே எல்லாவற்றையும் படித்தேன்.

நான் அங்கே இருந்த அத்தனை நாளும் அக்கா என்ன சொன்னாள் தெரியுமா? "அவன் உன்னைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலடி. விட்டது தொல்லைன்னு இருக்கான்." தலையைத் தடவிக்கொண்டே சொல்வாள். நான் அவள் மடியில் படுத்து அழுவேன். ஒரு வரி எழுது என்று நீங்கள் கேட்டதை அவள் என்னிடம் சொல்லவே இல்லை. நான் மாட்டேன் என்று சொன்னதாக உங்களுக்கு எழுதியிருக்கிறாள் என்பதை உங்கள் பதிலிலிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

ஏன் அவளிடம் நேரே கேட்கவில்லை என்று கேட்பீர்கள். கேட்டால் அழுவாள். அவள் அழுதால் நான் அங்கேயே தங்கிவிடுவேன். அதனால் வேலை கிடைத்தது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வழிக்குச் சாப்பாடு கட்டிக்கொடுத்தாள். பஸ் நிலையம் வரைக்கும் வந்தாள்.

அப்புறம், வரியைத் தனியே கூட்டினீர்களே, எந்த மடையன் அப்படிச் செய்வான்? நாலு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் ஒரு நாளாவது நான் எப்படி எழுதுகிறேன் என்று எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? அரணைப் புத்தி அரணைக்கு இல்லை, உங்களுக்குத்தான்.

வார்டன் மாசக் கடைசியில் திரும்பி வருகிறார். நான் அங்கே வருகிறேன். உங்களுக்காக இல்லை, மழைக்கு முன்னால் அரணைகளைப் பிடிக்க. பின்னறையைக் காலி செய்து வையுங்கள். அக்காவுக்குச் சொல்லக் கூடாது. நானாகச் சொல்கிற வரைக்கும் மூச்சு விடக் கூடாது. பேசாமல் இருப்பதுதான் உங்களுக்குக் கைவந்த கலை ஆயிற்றே, இப்போது அது உதவட்டும்.

நான்

ஜூன் 18

அக்காவுக்கு,

வணக்கம். நலம். உங்கள் நலத்தை இந்தத் தடவை நிஜமாகவே விசாரிக்கிறேன், ஆச்சரியப்பட வேண்டாம்.

மறுபடி பிடித்து முடித்தாயிற்று. ஒரு அரணைக்கு ஒரு வரிசை. முதுகு, ஓட்டம், ஓடிய தூரம், நின்ற இடம், வெயிலா நிழலா, தலைக்கு மேலே காக்கை இருந்ததா என்பது வரைக்கும் ஒரே வரிசையில் இருக்கிறது. குப்பியிலும் அதே எண். விவரங்கள் இத்தோடு வருகின்றன. குப்பிகள் பின்னால் பார்சலில் வரும். தடிமனான பெட்டி செய்யச் சொல்லியிருக்கிறேன்.

பார்த்தவரைக்கும் நீங்கள் சொன்னதுதான். வரியோடு நேரே ஓடுவது நிறைய, புள்ளியோடு நிற்பது நிறைய. சேராத ஜோடி அத்தி பூத்தாற்போல. போன தடவை இது என் கண்ணில் படவில்லை. தப்பு என்னுடையதுதான்.

அவள் எப்படி இருக்கிறாள்? கடைவாய்ப் பல் ஒன்று ரொம்ப நாளாகத் தொல்லை கொடுத்துக்கொண்டிருந்தது. இப்போது எப்படி என்று தெரிந்தால் நிம்மதி.

இப்படிக்கு,
பம்ப் ஹவுஸ்காரன்

ஜூலை 1

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நலம். உங்கள் நலம் தொடர வேண்டும்.

விவரங்களைப் பார்த்தேன். இதை நீங்கள்தான் செய்தீர்கள் என்று நம்பவே முடியவில்லை. சின்னவள்கூட இவ்வளவு சுத்தமாக எழுத மாட்டாள். திட்டினால்தான் சிலருக்கு மூளை வேலை செய்யும் போலிருக்கிறது. பாராட்டாகவே எடுத்துக்கொள்ளுங்கள். குப்பிகள் வந்ததும் மரபணுவைப் பார்த்துவிடுவேன். குட்டிகளாக இருந்தபோது இரண்டு மரபணுவும் கலந்து கிடந்தன. பிழைத்தவற்றில் சேர்ந்து வந்தால் போதும், ஜெயித்துவிட்டோம். சீக்கிரம் அனுப்புங்கள்.

பல்லைப் பிடுங்கியாயிற்று. நான்தான் அழைத்துப் போனேன். அன்று முழுவதும் என் மடியில்தான் படுத்திருந்தாள். இப்போது சுகம். இதை எழுதும்போதுகூட எதிரே உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறாள்.

நீங்கள் உழைத்துக் கொடுத்திருப்பதால் உங்களை இனியும் காத்திருக்க வைப்பது நியாயம் இல்லை. அவள் முடிவு செய்துவிட்டாள். இனி உங்களோடு வாழ்வதாக இல்லை. முறைப்படி பிரிந்துவிடலாம் என்கிறாள். உங்கள்மேல் கோபம்கூட இல்லை, அது ஆறிவிட்டது. அவளைத் தேடி வர வேண்டாம், எழுத வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள்.

வருத்தமாக இருக்கும். மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

அக்கா

ஜூலை 10

அக்காவுக்கு,

நலம் எல்லாம் இருக்கட்டும்.

ஒரே கேள்விதான் கேட்கிறேன். பிரிந்துவிடலாம் என்று அவளே சொன்னாளா? அவள் வாயால், உங்கள் காது கேட்க? யோசித்துப் பதில் எழுதுங்கள். இல்லை என்று எழுத இன்னும் நேரம் இருக்கிறது. அப்படி எழுதினால் உங்கள் போன கடிதத்தையே மறந்துவிடுகிறேன்.

இன்னொன்று. தனித்தனியாக எண்ணினேன் என்று என்னை ஊறுகாய் போட்டீர்கள். நாலு வருஷத்தில் எங்கள் வீட்டுப் படி ஏறியிருக்கிறீர்களா? அவளை உங்கள் வீட்டில் பார்த்தீர்கள். என்னைக் கடிதத்தில் பார்த்தீர்கள். நாங்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்து சண்டை போட்டதையும் பார்த்ததில்லை, அதே மேஜையில் சிரித்ததையும் பார்த்ததில்லை. பிறகு எதை வைத்துச் சேராது என்று எழுதினீர்கள்?

பதிலுக்குக் காத்திருக்கிறேன். குப்பிகள் அதற்குப் பிறகு.

பம்ப் ஹவுஸ்காரன்

ஜூலை 19

மாப்பிள்ளை அவர்களுக்கு,

குப்பிகளைப் பிடித்து வைத்துக்கொண்டு மிரட்டுவது ஆண்பிள்ளைத்தனம் என்று நினைக்கிறீர்களா?

கேட்டீர்கள், சொல்கிறேன். அவளே சொன்னாள். நேற்று ராத்திரி சாப்பிடும்போது உங்கள் கடிதத்தை அவளிடமே காட்டினேன். படித்துவிட்டுத் தட்டைத் தள்ளிவைத்தாள். "அவரைப் பாத்தாலே எனக்கு மூச்சு முட்டுது அக்கா. என்னை உன்கூடவே வச்சிக்க" என்றாள். அழுதாள். நானும் அழுதேன். போதுமா?

அவளை வளர்த்தவள் நான். அம்மா போன பிறகு அவளுக்குச் சோறு ஊட்டியது, சடை பின்னியது, ஜுரத்தில் தோளில் போட்டு நடந்தது எல்லாம் நான். அவளுக்கு எது ஆகும் எது ஆகாது என்று எனக்குத் தெரிந்த மாதிரி உலகத்தில் யாருக்கும் தெரியாது. நீங்கள் நேற்று வந்தவர்.

குப்பிகளை அனுப்புங்கள். அத்தோடு நமக்குள் ஒன்றும் இல்லை.

அக்கா

ஜூலை 30

அக்கா,

நான் நன்றாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன், பழக்கம் விடவில்லை. எப்படி இருக்கிறாய்?

பம்ப் ஹவுஸ் குவார்ட்டர்ஸிலிருந்து எழுதுகிறேன். மே மாசக் கடைசியிலிருந்து இங்கேதான் இருக்கிறேன், பின்னறையில். அந்த வரிசைகளை எழுதியது நான், உனக்கு வந்தது இவர் தன் கையெழுத்தில் எடுத்த நகல். நாலு வருஷமாக உனக்கு எழுதி அனுப்பிய அதே ஆள், அதே முறை. "சின்னவள்கூட இவ்வளவு சுத்தமாக எழுத மாட்டாள்" என்று அதைப் பார்த்து நீ எழுதியதைப் படித்தபோது சிரிப்புத்தான் வந்தது. அப்போது இன்னும் சிரிப்பு மிச்சம் இருந்தது.

என் பல்லை எப்போது பிடுங்கினாய் அக்கா? நீ பிடுங்கிய பல் என் வாயில்தான் இருக்கிறது. நீ அந்தக் கடிதம் எழுதிய வாரம் ஒரு பக்கக் கன்னம் பூசணியாக வீங்கி, கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு திரிந்தேன். உன் எதிரே உட்கார்ந்து கஞ்சி குடித்தேனாம்.

அதைக்கூட விட்டிருப்பேன். இவர் உன் பிரிவினைக் கடிதத்தைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். நான் படித்து முடிக்கும் வரை நின்றார். பிறகு, "இது நீ சொன்னதா? எங்கிட்ட சொல்ல முடியாம அங்க சொன்னியா?" என்று கேட்டார். இங்கே இவர் கண் முன்னாலேயே இருந்த என்னைப் பார்த்துக் கேட்டார் அக்கா. நீ எழுதிய எழுத்து அப்படி இருந்தது. இல்லை என்று சொன்னேன். நம்பினாரா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம் என்று இவரை எழுதச் சொன்னது நான்தான். இல்லை என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால், ஓடி வந்து உன் கழுத்தைக் கட்டிக்கொண்டிருப்பேன். நீ எனக்கு வசனம் எழுதி அழ வைத்திருக்கிறாய். என்னை உன்கூடவே வைத்துக்கொள் என்று சொல்ல வைத்திருக்கிறாய். எனக்கு நெஞ்சு வெடித்தது. ஏனென்றால் உன் வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி அதைக் கிட்டத்தட்ட அப்படியே சொல்லியிருக்கிறேன். நான் உண்மையாகச் சொன்னதை எடுத்து உன் பொய்க்குள் வைத்துத் தைத்துவிட்டாய்.

இவரோடு ராசியாகிவிட்டேன் என்று நினைக்காதே. கல் விஷயம் ஆறவில்லை. குழாய் பதித்து முடிந்ததும் அள்ளிய கல்லையெல்லாம் திருப்பிக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார், அதில் ஒரு அரணைகூட ஏறவில்லை. நேற்றும் சண்டைதான். நான் கத்தினேன், இவர் வழக்கம்போல மோட்டார் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தங்குவேனா, போவேனா, எனக்கே தெரியாது. அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அந்த வரிசையை நீ நிரப்ப வேண்டாம்.

குப்பிகள் எல்லாம் இன்றைய பார்சலில் வருகின்றன. ஒன்றுகூடக் குறையாது. உன்மேல் இருக்கிற கோபத்தில் அவற்றைக் கீழே கொட்டிவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது, செய்யவில்லை. அது என் வேலையும்தான். கட்டுரையில் என் பெயரைப் போடு. மரபணுவில் என்ன வந்தது என்று ஆய்வகத்து முகவரியிலிருந்து ஆராய்ச்சியாளராக எழுது, ஆராய்ச்சியாளராகப் பதில் எழுதுவேன். அக்காவாக எழுதாதே.

உன் கடிதங்களையெல்லாம் வரிசையாக வைத்துப் படித்தேன். சோறு ஊட்டியதும் நீதான், அது பொய் இல்லை. மூன்று மாசம் என் தலையைத் தடவிக்கொண்டே என்னை ஏமாற்றியதும் நீதான். வெறும் பாசக்காரியாக நீ இருந்திருந்தால் உன் வீட்டிலேயே கிடந்திருப்பேன். வெறும் பொய்க்காரியாக இருந்திருந்தால் காறித் துப்பிவிட்டுப் போயிருப்பேன், இப்படி வலித்திருக்காது. உன்னிடம் இரண்டும் ஒன்றாக இருக்கின்றன அக்கா. எதை நம்பி உன் பக்கத்தில் வருவது என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் வரவில்லை.

உன் தங்கை